சோழன் வந்தான், தோட்டத் தொழிலாளி எங்கே?

ஒவ்வொரு பண்டிகைக்கும் ஒரு மன்னன் மலையேறி வருகிறான். ஹட்டன் கடைத்தெருவிலும் தலவாக்கலைச் சந்தியிலும் வாளேந்திய வீரர்களின் படங்கள் சுவரை நிறைக்கின்றன. சம்பள நாள் முடிந்ததும், கொழுந்துக் கூடையை இறக்கி வைத்த கைகள் குழந்தை குட்டிகளைப் பிடித்துக்கொண்டு படம் பார்க்கப் புறப்படுகின்றன. இதில் தவறேதுமில்லை. உழைத்துக் களைத்தவனுக்கு மூன்று மணிநேரம் சோழ நாட்டில் வாழ உரிமை உண்டு.

'பொன்னியின் செல்வன்' முதற்பாகம் வெளிவந்தது 2022ஆம் ஆண்டு செப்டெம்பர் 30ஆம் நாள். இரண்டாம் பாகம் 2023ஆம் ஆண்டு ஏப்ரில் 28ஆம் நாள். ஆண்டுகள் சில கடந்தபின் ஓர் அரசியல் வார ஏடு அதைப்பற்றித் தலையங்கம் தீட்டுவானேன் என்று வாசகர் கேட்கக்கூடும். படத்தின் நிறைகுறைகளை எடைபோடுவது நமது நோக்கமன்று. அந்தப் படம் யாருடைய கனவாக இருந்தது, யாருடைய முதலில் நிறைவேறியது, எந்த மண்ணில் பிடிக்கப்பட்டது, எந்த வேளையில் நம்மிடம் வந்தது என்பவற்றை அடுக்கிப் பார்க்கும்போது, மலைநாட்டுத் தமிழ் மக்களைப் பற்றிய கேள்வியொன்று தலைதூக்குகிறது. அதற்கு இன்றளவும் விடை கிடைக்கவில்லை.

கல்கி இந்த நவீனத்தைத் தமது வார இதழில் எழுதத் தொடங்கியது 1950ஆம் ஆண்டில். முடித்தது 1954ஆம் ஆண்டில். அதைத் திரைக்குக் கொண்டுவர முதலில் முனைந்தவர் எம். ஜி. ஆர். 1958ஆம் ஆண்டில் பத்தாயிரம் ரூபா கொடுத்து உரிமையை வாங்கினார். அவர் பிறந்த ஊர் எது என்பது நம் வாசகர்க்குத் தெரியும். கண்டிச் சீமையைச் சேர்ந்த நாவலப்பிட்டி, தேயிலை மலைகளின் வாசலில் உள்ள ஊர். அதே ஆண்டில் சொந்தமாகத் தயாரித்து இயக்கி அவர் வெளியிட்ட 'நாடோடி மன்னன்' பெருஞ் செலவில் உருவாகிப் பெருவெற்றி கண்டது. ஆயினும் பொன்னியின் செல்வன் அவர் கையில் படமாகவில்லை. அறுபது ஆண்டுகளுக்கு மேல் கழித்து மணிரத்னம் அதை முடித்தபோது, அவருடைய மெட்ராஸ் டாக்கீசுடன் சேர்ந்து முதலிட்டது லைக்கா நிறுவனம். அதன் அதிபர் சுபாஸ்கரன் முல்லைத்தீவில் பிறந்தவர். ஆக, நாவலப்பிட்டியில் பிறந்தவர் தொட்டதை முல்லைத்தீவில் பிறந்தவர் முடித்து வைத்தார். தமிழ்நாட்டார் இதைப் பெரிதாகப் பேசியதாகத் தெரியவில்லை. நாமும் பேசவில்லை, நமக்குரிய பெருமையைக்கூட உரிய வேளையில் எடுத்துச் சொல்லும் பழக்கம் நமக்கு இல்லை.

ஆனால் இலங்கை மண்ணைப் படப்பிடிப்புக் கருவி காணவில்லை. கதையில் இலங்கைக்குப் பெரும் பங்கு உண்டு. ஈழத்துப் போர்முனையில் நிற்கும் அருள்மொழிவர்மனைத் தேடி வந்தியத்தேவன் கடல் கடக்கிறான். தம்புள்ளையும் அநுராதபுரமும் கதையின் களங்கள். அந்த இலங்கைக் காட்சிகளுக்காக 2019ஆம் ஆண்டு டிசம்பரில் படக்குழு சென்றது தாய்லாந்துக்கு. இடையில் கொள்ளைநோய் வந்து வேலை நின்றது. பின்னர் ஐதராபாத்திலும் புதுச்சேரியிலும் ஓர்ச்சாவிலும் மகேசுவரத்திலும் மிச்சம் பிடிக்கப்பட்டது. உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகள் நிகழ்ந்த ஆண்டு அது. முதல் போட்டவர் பல காரணங்களை எண்ணியிருக்கலாம். அவரை நாம் குற்றஞ்சாட்டவில்லை. ஆனாலும் தம்புள்ளையைத் தாய்லாந்தில் தேடவேண்டிய நிலை ஒரு தமிழ்ப் படத்துக்கு வந்ததை எண்ணிச் சிரிப்பதா வருந்துவதா என்று தெரியவில்லை.

இதற்கு நேர்மாறான ஒரு நிகழ்ச்சி இந்த மலையடிவாரத்திலேயே நடந்தது. அவிசாவளையிலிருந்து ஹட்டனுக்கு வரும் பாதையில் கித்துல்கலை என்னும் ஊர் உண்டு. களனி கங்கை அங்கே பாறைகளிடையே பாய்கிறது. டேவிட் லீன் என்ற ஆங்கில நெறியாளர் 'குவாய் நதிப் பாலம்' என்ற படத்துக்காக அந்த ஆற்றின் குறுக்கே ஒரு பாலங் கட்டி, மெய்யான ரயில் வண்டியொன்றை அதன்மேல் ஓடவிட்டு, இரண்டையும் வெடிவைத்துத் தகர்த்தார். படம் 1957ஆம் ஆண்டில் வெளிவந்து ஏழு ஒஸ்கார் பரிசுகளை வென்றது. கதை நடப்பது சீயத்தில், அதாவது இன்றைய தாய்லாந்தில். அன்று இலங்கை தாய்லாந்தாக நடித்தது. 2019இல் தாய்லாந்து இலங்கையாக நடித்துக் கடனைத் தீர்த்தது!

வேடிக்கை அத்துடன் முடிகிறது. யப்பானியர் போட்ட சீயம்–பர்மா ரயில் பாதையில் மாண்டவர் யார்? நேச நாட்டுப் போர்க் கைதிகள் பன்னீராயிரம் பேருக்கு மேல் மாண்டனர் என்பதை உலகம் அறியும். மலாயா ரப்பர் தோட்டங்களிலிருந்து ஏமாற்றியும் பிடித்தும் கொண்டுபோகப்பட்ட தமிழ்த் தொழிலாளர் பல்லாயிரவர் வாந்திபேதியாலும் பட்டினியாலும் அதே பாதையோரத்தில் மடிந்தனர் என்பதை எத்தனை பேர் அறிவர்? அந்தப் படம் கைதிகளின் கதையைத் தேர்ந்துகொண்டது. தமிழ்க் கூலிக்கு அதில் இடமில்லை. தமிழ்த் தோட்டத் தொழிலாளர் வாழும் மலைகளின் அடிவாரத்திலேயே முகாமிட்டு அந்தப் படத்தை எடுத்தார்கள். அவர்களுடைய இரத்த உறவினர் போன்றவர்களின் சாவு மட்டும் அதில் இல்லாமற் போயிற்று. இதை ஆங்கிலேயன் செய்தான் என்று நாம் கோபிக்கலாம். அப்படியானால் தமிழன் என்ன செய்தான் என்ற கேள்விக்கும் நாம் பதில் சொல்லியாக வேண்டும்.

பொன்னியின் செல்வன் வெளிவந்த வேளையை நினைவுகூருங்கள். 2022ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில்தான் இலங்கையில் விலைவாசி உச்சிக்கு ஏறியது. கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டியின்படி பணவீக்கம் நூற்றுக்கு 69.8, உணவுப் பொருள்களுக்கு மட்டும் நூற்றுக்கு 94.9. தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் அப்பொழுது ஆயிரம் ரூபா. அதையும் 2021ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில்தான், பல ஆண்டுப் போராட்டத்தின்பின் பெற்றிருந்தார்கள். அதே 2021இல் இரசாயன உரத்துக்குத் தடை விதிக்கப்பட்டு, தேயிலைச் செடி வெளுத்தது; நுவரெலியாவின் மரக்கறித் தோட்டக்காரனும் வன்னியின் நெல் விவசாயியும் ஒருங்கே தலையில் கைவைத்தார்கள். கோதுமை மாவு எட்டாத விலைக்குப் போனபோது, ரொட்டியை நம்பிப் பிரட்டுக் களத்துக்குப் போகும் குடும்பம் என்ன செய்திருக்கும் என்பதை நாம் விளக்க வேண்டியதில்லை. அந்த மாதத்தின் கடைசி நாளில் சோழன் வந்தான்.

இரண்டு பாகங்களுக்கும் ஏறத்தாழ ஐந்நூறு கோடி இந்திய ரூபா செலவாயிற்று என்று பத்திரிகைகள் எழுதின. அன்றைய நாணய மாற்றுப்படி அது தோட்டத் தொழிலாளியின் இரண்டு கோடிக்கு மேற்பட்ட நாட்களின் சம்பளம். மேடைப் பேச்சாளர் எவரேனும் இந்தக் கணக்கைக் கையிலெடுத்தால் கைதட்டல் நிச்சயம். நாம் அப்படி வாதிட விரும்பவில்லை. படத்துக்குப் போன பணம் தொழிலாளியின் கூலியிலிருந்து பிடித்த பணமன்று. படம் எடுக்காதிருந்தால் அது லயத்துக்கு வந்திருக்கவும் போவதில்லை. கலைக்குச் செலவிடுவது வீண் என்று சொல்லும் அரசியல் வறட்டு அரசியல். ரவிவர்மனின் ஒளிப்பதிவும் ரகுமானின் பின்னணி இசையும் இந்திய அரசின் தேசிய விருதைப் பெற்றவை. தகுதிக்குக் கிடைத்த பரிசு என்றே நாமும் கருதுகிறோம். நாம் அளக்க விரும்புவது, ஓர் இனத்தின் கற்பனை எத்திசையில் செலவாகிறது என்பதை.

இங்கே ஓர் அரசியல் முள்ளும் இருக்கிறது. அதை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது. இராசராசன் படை இலங்கைக்கு வந்ததும் பொலன்னறுவை சனநாதமங்கலமானதும் 1070ஆம் ஆண்டளவில் விசயபாகு சோழரை அகற்றியதும் சரித்திரம். அந்தச் சரித்திரத்தைச் சிங்களப் பேரினவாதிகள் தங்கள் கோபத்துக்கு எரிபொருளாக்கினார்கள்; தமிழரில் சிலர் தங்கள் வீம்புக்கு எரிபொருளாக்கினார்கள். இரண்டுக்கும் நடுவே அகப்பட்டவன் மலைநாட்டுத் தொழிலாளி. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் அவனை நாடற்றவனாக்கியது. 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரசின் ஏழு பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய மக்கள், அடுத்த தேர்தலில் வாக்குச்சீட்டைக் கண்ணால் காணவில்லை. ஏதோ புலிக்கொடி பிடித்துப் படையெடுத்து வந்தவனைத் துரத்துவதுபோல் அவனைப் பற்றிப் பேசினார்கள்.

அவன் எப்படி வந்தான்? தலைமன்னாரில் இறங்கினான், காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தான். அந்த வடபாதை தம்புள்ளையைத் தொட்டே செல்கிறது. வந்தியத்தேவன் இளவரசனைக் கண்ட களமும், கோப்பிக் காலத்துக் கூலி கால் வீங்கிச் சோர்ந்து உட்கார்ந்த இடமும் ஒரே ஊர்தான். ஒருவன் நவீனத்தின் பாத்திரம். அவன் குதிரையின் நிறம்கூட நமக்குத் தெரியும். மற்றவன் மெய்யாகவே அவ்வழி நடந்தவன். அவன் பெயர்கூட எழுதிவைக்கப்படவில்லை. காய்ச்சலுக்கும் வாந்திபேதிக்கும் அவ்வழியிலும் தோட்டங்களிலுமாக 1840களில் எழுபதாயிரம் பேர் வரை மாண்டிருக்கலாம் என்று 1849ஆம் ஆண்டில் 'கொழும்பு ஒப்சேவர்' பத்திரிகையே கணக்கிட்டது. பிழைத்து மலையேறியவன் கையில் கத்தியும் இல்லை, கேடயமும் இல்லை. பின்னாட்களில் அவன் கழுத்தில் மாட்டப்பட்டது 'துண்டு'. அவன்மேல் எவ்வளவு கடன் இருக்கிறது என்று கங்காணி காட்டும் அந்தச் சீட்டுக் காகிதத்தைக் கொடுத்தே அவனைத் தோட்டத்துக்குத் தோட்டம் கைமாற்றினார்கள். அந்த முறை ஒழிந்தது 1921ஆம் ஆண்டில்.

இதில் கதை இல்லையா? சண்டை இல்லையா? மாறுவேடம் இல்லையா? தஞ்சைச் சீமையிலிருந்து வந்த நடேசய்யர், துரைமார் காவலைத் தாண்டித் தோட்டங்களுக்குள் நுழையப் புடவை வியாபாரியாகச் சென்றார் என்பது மலைநாடு முழுவதும் அறிந்த செய்தி. ஹட்டனில் இருந்துகொண்டு 1931ஆம் ஆண்டில் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்தார். அவருடைய மனைவி மீனாட்சியம்மை தாமே பாட்டெழுதி, தோட்டம் தோட்டமாகப் பாடி மக்களைத் திரட்டினார். 1937ஆம் ஆண்டில் பிரேஸ்கேடில் என்ற வெள்ளைக்காரச் சின்னத்துரை, மடுல்கலைப் பக்கத்துத் தோட்டத்தில் தன் இனத்துத் துரைமார் தொழிலாளரை நடத்திய விதத்தைப் பொறுக்கமாட்டாமல் நாவலப்பிட்டியில் மேடையேறினான். தேசாதிபதி அவனை நாடுகடத்த ஆணையிட்டார், அவன் ஒளிந்தான், உயர்நீதிமன்றம் அந்த ஆணை செல்லாது என்றது. 1940ஆம் ஆண்டு ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்து வேலைநிறுத்தத்தில் பொலிசார் சுட்டுக் கோவிந்தன் என்ற தொழிலாளி வீழ்ந்தான். 1964ஆம் ஆண்டு அக்டோபரில் சிறிமாவும் சாஸ்திரியும் டில்லியில் அமர்ந்து, ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேர் உனக்கு, மூன்று இலட்சம் பேர் எனக்கு, மிச்சம் ஒன்றரை இலட்சம் பிறகு பார்ப்போம் என்று மக்களைப் பங்கிட்டார்கள். அண்ணன் இந்தியாவுக்கு, தம்பி இலங்கைக்கு என்று குடும்பங்கள் பிளந்தன. தலைமன்னார்க் கோச்சி புறப்பட்ட நிலையங்களில் எழுந்த ஒப்பாரியைக் கேட்டவர்கள் இன்றும் இருக்கிறார்கள். ஒரு வண்டியின் சன்னலைப் பிடித்துக்கொண்டு ஓடும் தாயின் கைக்கு ஈடான காட்சியை எந்தக் கோட்டை முற்றுகையும் தந்துவிடாது.

இப்படிப்பட்ட கதைக்குப் பெரும்பணம் போட ஆள் கிடைக்காது, பார்க்கவும் கூட்டம் வராது என்பது வழக்கமான சாக்கு. அந்தச் சாக்கு உடைந்துபோய் நாளாயிற்று. 2013ஆம் ஆண்டில் பாலா 'பரதேசி'யில் தமிழ்நாட்டுத் தேயிலைத் தோட்டத்துக் கொத்தடிமை வாழ்வைக் காட்டினார். டாக்டர் டானியல் ஆங்கிலத்தில் எழுதி, முருகவேள் 'எரியும் பனிக்காடு' என்று தமிழாக்கிய நூல் அதற்கு அடிப்படை. 2024ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15ஆம் நாள் வெளிவந்த 'தங்கலான்' இன்னும் ஒருபடி மேலே சென்றது. வடஆற்காட்டுச் சேரியிலிருந்து வெள்ளைக்காரன் பின்னே கோலாருக்குத் தங்கம் தோண்டப் போனவர்களை, வாளும் வேலும் ஏந்திய நாயகராக்கிப் பெருஞ்செலவில் எடுத்துக் காட்டினார் இரஞ்சித். அதே வடஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் திருச்சியிலிருந்தும் வேறொரு வெள்ளைக்காரன் பின்னே கடல் கடந்தவர்களே நம் மலைநாட்டார். கோலாருக்குப் போனவனுக்குக் கிடைத்த படம் கொட்டகலைக்கு வந்தவனுக்கு ஏன் கிடைக்கவில்லை?

நம்மவர் முயலவில்லை என்றும் சொல்வதற்கில்லை. இலங்கையில் எடுக்கப்பட்ட முதலாவது 35 மில்லிமீற்றர்த் தமிழ்ப் படம் எது? 1963ஆம் ஆண்டில் கிருஷ்ணகுமார் எடுத்த 'தோட்டக்காரி'. பெயரே சொல்லும், அது யாருடைய கதை என்று. 1975ஆம் ஆண்டில் தொழிற்சங்கத் தலைவர் வி. பி. கணேசன் தாமே தயாரித்து நடித்து 'புதிய காற்று' படத்தைத் தந்தார். தென்னிந்தியப் படங்களின் பளபளப்போடு போட்டியிட அவர்களிடம் பணமில்லை. ஆனால் சொல்வதற்குக் கதை இருந்தது. இன்று பணம் இருப்போரிடம் கதை இல்லையென்று, பத்தாம் நூற்றாண்டுக்குப் போய்க் கதை கொண்டுவருகிறார்கள்.

நாம் கேட்பது தருமமன்று, வியாபாரம். சோழன் கப்பலுக்கு முதலிட்ட அதே ஈழத் தமிழ் முதல், கூலிக் கப்பலுக்கும் முதலிடலாம். இலண்டனிலும் தொரொன்ரோவிலும் உள்ள நம் வர்த்தகப் பெருமக்கள் வடக்கு, கிழக்கின் துயரை உலகுக்குக் காட்டப் பணம் தந்திருக்கிறார்கள். மலைநாட்டைத் தங்கள் சரித்திரத்தின் பகுதியாக அவர்கள் எண்ணுகிறார்களா என்பதில்தான் நமக்கு ஐயம். இந்த ஐயத்தைச் சொல்வது சிலருக்குக் கசக்கும். 1948ஆம் ஆண்டுச் சட்டத்தை ஆதரித்துக் கையுயர்த்திய தமிழ்ப் பிரதிநிதிகளும் இருந்தார்கள் என்பதை மலைநாட்டார் மறக்கவில்லை.

அரசாங்கத்துக்கும் ஒரு சொல். படப்பிடிப்புக்கு வாருங்கள், மலையும் அருவியும் மலிவாக இருக்கின்றன என்று வெளிநாட்டாருக்கு விளம்பரஞ் செய்கிறார்கள். வரட்டும், வேலை கிடைக்கட்டும். ஆனால் கொழுந்து பறிக்கும் பெண்ணை மலையின் ஒரு நிறமாக மட்டும் பிடித்துக்கொண்டு போகும் படக்குழு, அவளுக்கு அந்த நாளின் சம்பளத்தையாவது கொடுக்கிறதா என்று பார்ப்பார் எவருமில்லை. வடபாதையின் தங்குமடங்கள், கோப்பிக் காலத்துக் கட்டடங்கள், பழைய துண்டுகள், செக்ரோல் ஏடுகள் யாவும் கறையானுக்கு இரையாகின்றன. நாளை ஒருவர் மலைநாட்டுப் படத்தை எடுக்க வந்தாலும், பார்த்துச் செய்ய மாதிரி இராது. மறுபடி தாய்லாந்துக்குத்தான் போகவேண்டும்.

2023ஆம் ஆண்டில் மலைநாட்டு மக்களின் இருநூறாவது ஆண்டை முன்னிட்டு, ஜூலை 28ஆம் நாள் தலைமன்னாரில் புறப்பட்டவர்கள் முன்னோர் நடந்த அதே வழியில் நடந்து ஆகஸ்ட் 12ஆம் நாள் மாத்தளையை அடைந்தார்கள். பொன்னியின் செல்வன் இரண்டாம் பாகம் வந்து நான்கு மாதங்கூட ஆகாத சமயம் அது. மண்ணெடுத்து, விளக்கேற்றி, தப்படித்து, வழியில் சிங்களரும் முசுலிம்களும் தண்ணீர் கொடுக்க நடந்த அந்த நடை, மாசி மாதக் காமன் கூத்தையும் பொன்னர் சங்கரையும் லயத்து வாசலில் தாமே ஆடிக் காட்டிய மக்களுக்கு இயல்பாக வந்தது. தங்கள் கதையைத் தாங்களே நடித்துக் காட்டினார்கள். பிறர் வந்து எடுத்துத் தருவார் என்று காத்திருக்கவில்லை.

தோட்டத்துப் பிள்ளைகளாகப் பிறந்து இன்று ஆசிரியராகவும் வழக்கறிஞராகவும் மருத்துவராகவும் கணக்காளராகவும் உயர்ந்திருப்போரிடம் நாம் ஒன்று கேட்கிறோம். 1964ஆம் ஆண்டில் பத்து வயதுச் சிறுவராக இருந்தவர்கள் இன்று எழுபதைத் தாண்டிவிட்டார்கள். கோச்சி ஏறிய உறவினரின் பெயர், தோட்டத்தின் பெயர், எடுத்துச் சென்ற சாமான், கடைசியாகச் சொன்ன வார்த்தை ஆகியவை அவர்கள் நினைவில் மட்டுமே இருக்கின்றன. பள்ளி விடுமுறை நாட்களில் ஒரு நோட்டுப் புத்தகத்துடனோ கைபேசியுடனோ அவர்கள் வாசலில் போய் உட்கார்ந்து எழுதியும் பதிந்தும் வாருங்கள். அனுப்பப்படும் ஒவ்வொன்றுக்கும் இந்த ஏட்டில் இடமுண்டு. தைப்பொங்கல் இதழிலிருந்து வாரம் ஒரு பக்கத்தை அதற்கென ஒதுக்கி வைக்கிறோம்.